அலுமினியப் படகின் அடியில் கசிவு: வெல்டிங் இல்லாமல் அடைக்க முடியுமா?

முனைக்காடு பாசிக்குழு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகே முனைக்காட்டில் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்க்கும் ஐந்து பெண்கள் சேர்ந்த குழு எங்களுடையது. மிதவைகளுக்குப் போய்வரவும், 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கும் ஈரப்பாசியைக் கரை சேர்க்கவும் ஒரு சிறிய அலுமினியப் படகு வைத்திருக்கிறோம். 14 அடி நீளம். தகடுகளை ரிவெட் என்னும் தறையாணி அடித்துச் சேர்த்தது. உள்நாட்டு ஏரி ஒன்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்ததைப் பழைய விலைக்கு வாங்கி வந்தோம். நல்ல தண்ணீரில் பல ஆண்டு பிழைத்த அந்தப் படகு, வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) வந்த இரண்டாம் ஆண்டிலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது.

ஆள் ஏறாமல் கரையோரம் கட்டி வைத்தாலே இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் உள்ளே ஊறிவிடுகிறது. பாசி ஏற்றினால் இன்னும் கூடுதலாக வருகிறது. படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவின் இரு பக்கமும் ரிவெட் வரிசையில் ஈரம் தெரிகிறது. பின்பக்கத்தில் தண்ணீர் வடிப்பதற்காக வைத்த பித்தளை அடைப்பானைச் சுற்றி வெள்ளை மாவு போல ஏதோ பூத்திருக்கிறது. விரலால் தேய்த்தால் உதிர்கிறது. நடு இருக்கைக்குக் கீழே குறுக்குச் சட்டத்தை ஒட்டி மயிரிழை போன்ற ஒரு கீறல் சுமார் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அதிலிருந்து தண்ணீர் வருகிறதா இல்லையா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் சிலிகான் பூசினோம். பத்து நாளில் உரிந்துவிட்டது. பிறகு கடையில் கிடைத்த இரண்டு பகுதி புட்டியைப் பிசைந்து அப்பினோம். அது ஒரு அறுவடை வரை தாங்கி, பின்னர் அச்சில் வார்த்து எடுத்ததுபோல முழுத் துண்டாகப் பெயர்ந்து வந்தது. இராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்கு ஏற்றிப் போனபோது, தகடு மெல்லியது, ஓட்டை பெரிதாகிவிடும் என்று சொல்லி வெல்டர் கை வைக்க மறுத்துவிட்டார். ஆர்கான் வெல்டிங்குக்குத் தூத்துக்குடி வரை வண்டி பிடித்தால் படகின் விலையில் பாதி போய்விடும். வெல்டிங் இல்லாமல் நிலைக்கும்படியாக அடைக்க வழி உண்டா? எதை முதலில் செய்ய வேண்டும்? ஏற்கெனவே பூசிய சிலிகான் ஏதாவது கெடுதல் செய்திருக்குமா?

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். உங்களைத் திருப்பி அனுப்பிய வெல்டர் நல்ல மனிதர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுப் படகுகளின் தகடு பெரும்பாலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே உலோகம் தண்ணீராகி, நிறம்கூட மாறாமல் திடீரென்று கீழே விழுந்துவிடும். கை தேர்ந்தவர் செய்தாலும், வெல்டு ஆறும்போது தகடு சுருங்கிப் பக்கத்து ரிவெட்டுகளை இழுத்துத் தளர்த்தும். ஒன்றை அடைத்து நான்கைத் திறந்த கதையாகும். தளப்பலகைக்குக் கீழே மிதப்புக்காக நுரை வைத்திருந்தால் அது தீப்பிடிக்கவும் கூடும். ரிவெட்டால் கட்டிய படகை ரிவெட்டாலேயே சரிசெய்வதுதான் முறை.

காணொளிகளில் காட்டும் குறைவெப்பப் பற்றவைப்புக் குச்சியையும் நம்ப வேண்டாம். அது 390 டிகிரிக்கு அருகில் உருகும் துத்தநாகக் கலவை. கடல்தர அலுமினியத்தில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது சரியாகப் படராது. படர்ந்தாலும் உப்புத் தண்ணீரில் துத்தநாகம்தான் முதலில் கரையும்.

இப்போது உங்கள் ஒரு குடம் தண்ணீருக்கு வருவோம். நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளை இருந்தால், மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் உள்ளே வரும். உங்களுக்கு இரண்டு மணி நேரத்தில் 15 லிட்டர் என்று வைத்தால், எல்லாக் கசிவும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் துளைக்குச் சமம். அதாவது பெரிய ஓட்டை எதுவும் இல்லை; தளர்ந்த ரிவெட்டுகள் பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மனத்தைத் தளரவிட வேண்டாம்.

ஆனால் ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் சட்டத்தின் ஓரமாக ஓடி நாலு அடி தள்ளி வந்து நிற்கும். கசிவைக் கண்டுபிடிக்கப் படகுக்கு வெளியே தண்ணீர் வைத்து உள்ளே பார்ப்பதைவிட, உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே பார்ப்பதே சரி. படகைக் கரையில் மணல் மூட்டைகளின் மேல் சமமாக ஏற்றி வையுங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். சுண்ணாம்பு பூசக் கூடாது. அதன் காரம் அலுமினியத்தை அரிக்கும். பிறகு உள்ளே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் நிரப்புங்கள். அதற்கே 400 கிலோ வரை எடை வந்துவிடும். மேலும் ஊற்றினால் மூட்டைகளுக்கு இடையே தகடு தொய்ந்து புதிய கசிவு உண்டாகும். வெள்ளைப் பூச்சில் எங்கெல்லாம் கருமையாக ஈரம் இறங்குகிறதோ அங்கெல்லாம் உடனே பென்சிலால் வட்டமிடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றாக வழிந்து குழம்பிவிடும். முதல் ஐந்து நிமிடம்தான் உண்மையைச் சொல்லும். நம் மாவட்டத்தில் படகுக்குள் 400 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினால் தெருவே சண்டைக்கு வரும் என்பதால், கடல்நீரையே ஊற்றிச் சோதித்துவிட்டு இறுதியில் சில குடம் நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

சிலிகானைப் பற்றிக் கேட்டீர்கள். கெடுதல்தான் செய்திருக்கிறது. காடி வாசனை வரும் சிலிகான் காயும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, உரித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கை விட்டுச்செல்கிறது. அதன் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. உங்கள் புட்டி அச்சுப்போலப் பெயர்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ரெசின் கை, பாம்பன் எழுதியது:

தங்கச்சி, நான் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை செய்பவன். இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. அடிப்பகுதி முழுவதையும் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் ஊற்றிவிட்டால் ரிவெட் தளர்ந்திருந்தால் என்ன, கீறல் இருந்தால் என்ன, எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இந்த வேலை தெரிந்தவர்கள் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். ஒரே நாளில் முடியும்.

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

தம்பியின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஃபைபர் படகுக்கு ஊற்றும் பாலியஸ்டர் ரெசின் அலுமினியத்தில் பிடிக்காது. ஃபைபரில் ஃபைபர் ஒட்டுவது சோற்றில் சோறு ஒட்டுவது போல, அலுமினியம் அப்படியல்ல. இன்னொன்று, அலுமினியம் வெயிலில் நன்றாக நீளும். விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் தகட்டின் வெப்பம் 30 டிகிரி மாறினால், 14 அடிப் படகு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. விறைப்பான ரெசின் ஓடு அதனோடு கூடவே ஓடாது. ஓரத்தில் வாய் பிளந்துகொள்ளும். பிளந்த வாய்க்குள் உப்புத் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றால், அந்த மூடிய ஈரத்தில் அலுமினியம் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப்போகும். கசிவு நின்றது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே தகடே இருக்காது.

ரெசின் கை, பாம்பன் எழுதியது:

சரி, பாலியஸ்டரை விட்டுவிடுகிறேன். ஐயா சொன்னது நியாயம். ஆனால் எப்பாக்சி ஒட்டும் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன், செய்யும் முறையில் செய்தால். அலுமினியத்தைத் தேய்த்த சில நிமிடங்களிலேயே காற்றுப் பட்டு மறுபடியும் ஆக்சைடு தோல் படர்ந்துவிடுகிறது. தேய்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய் வந்தால் தேய்த்த வேலை வீண். அதனால் 80 எண் எமரித் தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, உடனே எப்பாக்சியை மெல்லியதாகப் பூசி, அந்த ஈர எப்பாக்சிக்குள்ளேயே மறுபடியும் எமரித் தாளால் தேய்க்க வேண்டும். அப்போது புதிதாகத் திறக்கும் உலோகத்தில் காற்றுக்கு முன் பசை படுகிறது. சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரியும். அது சரியான அடையாளம்தான். அதன் மேல் கெட்டியான கலவையை வைக்கலாம். கல்லுப்போல இறுகும் வகையை வாங்காமல், சற்று வளைந்து கொடுக்கும் எப்பாக்சியைக் கேட்டு வாங்குங்கள். நம் வெயிலில் கலந்த பசை கிண்ணத்திலேயே கொதித்து இறுகிவிடும்; காலை எட்டு மணிக்குப் பனி உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முடித்துவிட வேண்டும். இறுதியில் மேலே பெயிண்ட் கட்டாயம். வெயில் நேரடியாகப் பட்டால் எப்பாக்சி வெளுத்து மாவாகும்.

தேய்க்கும் தூரிகை எஃகுக் கம்பியாக இருந்தால், துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். இரும்பைத் தேய்த்த பழைய தூரிகை வேண்டாம். அதில் ஒட்டிய இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து பின்னர் அந்த இடமே குழியாகும்.

தொண்டி வத்தை எழுதியது:

பெரியவர்கள் காலத்தில் வத்தை என்னும் மரப்படகுக்குப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றிக் கலப்பத்து அடிப்பார்கள். ரிவெட் இடுக்குக்கும் அதுவே போதாதா?

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

மரம் தண்ணீரில் ஊறி உப்பிக் கலப்பத்தை இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் அது நிற்கிறது. தகடு உப்பாது. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அரிப்பைத்தான் கூட்டும். மரத்துக்கு அது மருந்து, இதற்கு நோய்.

காரைக்குடி வேதியியல் எழுதியது:

பித்தளை அடைப்பானைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் படகு ஏரியில் பிழைத்ததற்கும் கடலில் கெட்டதற்கும் விடை அங்கேயும் இருக்கிறது. பித்தளையில் இருப்பது பெரும்பாலும் செம்பு. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால் அது ஒரு மின்கலம்; அந்த மின்கலத்தில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியமே. ஏரி நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்துவதால் அங்கே இந்த வேலை மெதுவாக நடந்தது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது வேகமாக நடக்கிறது. அதோடு உப்பிலுள்ள குளோரைடு, அலுமினியத்தைக் காப்பாற்றும் ஆக்சைடு தோலை அங்கங்கே துளைத்துக் குழிகளை உண்டாக்குகிறது. தாங்கள் கண்ட வெள்ளை மாவு, கரைந்துபோன தகடுதான். உலோகங்களை உப்புக்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தைத் தேர்ந்துகொண்டது சும்மா அல்ல.

ஆகவே எந்த ஒட்டு வேலைக்கும் முன் அந்தப் பித்தளையைக் கழற்றி எறிந்துவிட்டு, நைலான் அடைப்பான் போடுங்கள். படகுக்குள் செப்புக் கம்பி, பித்தளைத் திருகு, விழுந்து கிடக்கும் ஈயக் குண்டு எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரி வைத்திருந்தால் அதன் கம்பியைப் படகின் உடலோடு இணைக்காதீர்கள். மரப்படகுகளுக்குப் பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயிண்டை இதற்கு அடிக்கவே கூடாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் தவிர்க்க முடியாத இடத்தில், அதற்கும் தகட்டுக்கும் இடையே நைலான் வாஷரும் சீலன்ட் என்னும் அடைப்புப் பசையும் இருக்கட்டும்.

முனைக்காடு பாசிக்குழு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் சோதனையைச் செய்து பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் துண்டு சாக்பீஸ் வாங்கி அம்மியில் பொடித்தோம். தண்ணீர் ஊற்றிய மறுநிமிடமே ஏராவின் இடப்பக்கத்தில் ஒரு ரிவெட் கண்ணீர் விட்டதுபோல ஒரு கோடு இறக்கியது. மொத்தம் 11 ரிவெட்டுகளை வட்டமிட்டோம். அதில் 7 தளர்ந்திருக்கின்றன. மற்ற 4 ரிவெட்டுகளுக்கு வெளிக்கொண்டையே இல்லை, தேய்ந்து தட்டையாகிவிட்டன. படகைக் கரைக்கு இழுக்கும் இடத்தில் பவளக்கல் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் அதன் மேல்தான் இழுக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பெரிதாகப் பயந்த கீறலில் ஒரு சொட்டுகூட வரவில்லை. பித்தளையைக் கழற்றியபோது அதைச் சுற்றியிருந்த தகட்டை ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தோம்; இரண்டு இடத்தில் முனை வெளியே வந்துவிட்டது. கழற்றும்வரை அந்த இடத்தில் ஒரு சொட்டுகூட வரவில்லை; வெள்ளை மாவே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது போலும். இனி எந்த வரிசையில் போவது?

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

தளர்ந்த 7 ரிவெட்டுகளை மாற்ற வேண்டியதில்லை, இறுக்கினால் போதும். ஒருவர் வெளியே இருந்து 2 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டையை, ஒரு சம்மட்டித் தலையே போதும், ரிவெட்டின் கொண்டையில் இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே இருந்து வால்முனையை உருண்டைமுனைச் சுத்தியலால் தட்ட வேண்டும். பலம் காட்டக் கூடாது. சின்னச் சின்னத் தட்டு, ஐந்தாறு போதும். தளர்ந்த ரிவெட் 'டொப்' என்று ஒலிக்கும், இறுகியதும் ஒலி மாறிக் 'கணீர்' என்று வரும். அந்த ஒலி வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் துளை விரிந்து, பக்கத்து ரிவெட்டும் ஆடத் தொடங்கும்.

கொண்டை தேய்ந்த 4 ரிவெட்டுகளை நடுவில் டிரில் போட்டு எடுத்துவிட்டுப் புதிது அடியுங்கள். இரண்டு பக்கமும் கை போகும் இடமென்றால், சுத்தியலால் அடிக்கும் துளையில்லாத கட்டி ரிவெட். தகட்டுக்கு வெளியே நீட்டும் வால் ரிவெட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கை போகாத இடத்தில், ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்து இறுக்கும் பாப் ரிவெட் போடலாம், ஆனால் முனை மூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுவே துளை இருக்கிறது. அதில் மாட்டிக்கொள்ளும் இரும்பு ஆணித் தலை துருப்பிடித்து விழுந்ததும் அது ஒரு குழாய். எதுவானாலும் ரிவெட்டைப் பாலியூரித்தேன் சீலன்ட்டில் முக்கி ஈரமாகவே அடியுங்கள். படகுக்கென்றே விற்கும் சிகாஃப்ளெக்ஸ் 291 போன்ற வகை போதும்.

அடைப்பானைச் சுற்றி அரித்த இடத்துக்கு ஒட்டுத்தகடுதான் வழி. நல்ல கனம் கிடைக்கும்வரை குத்திப் பார்த்து, அரித்ததை வெட்டி எடுத்துவிடுங்கள். 5052 வகை அலுமினியத் தகடு, உங்கள் தகட்டின் கனத்துக்குக் குறையாமல், வெட்டிய இடத்தைவிடச் சுற்றிலும் 40 மில்லிமீட்டர் பெரிதாக எடுங்கள். பாத்திரக் கடைத் தகடு வேண்டாம். மூலைகளை வட்டமாக அறுங்கள். கூர்மூலையில்தான் எப்போதும் பிளவு தொடங்கும். நீங்கள் படகைக் கல்லில் இழுப்பவர்கள் என்பதால், ஒட்டுத்தகட்டை உட்பக்கம் வைப்பதே நல்லது. வெளியே வைத்தால் முதல் வாரத்திலேயே ஓரம் மாட்டிக்கொண்டு தூக்கும். 4.8 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளியும், ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் 20 மில்லிமீட்டர் இடைவெளியிலும் துளையிடுங்கள். துளையிட்டதும் தகடுகளைப் பிரித்துப் பிசிறையும் தூளையும் துடைக்காமல் மூட வேண்டாம். இடையில் மாட்டிய ஒரு சுருள் போதும், தகடு படியாது.

சீலன்ட் பூசுவதற்கு முன் சிலிகான் பிசுக்கு போய்விட்டதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. தேய்த்துத் துடைத்த இடத்தில் ஒரு கை நல்ல தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் மெல்லிய தாளைப்போலப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இருக்கிறது. மறுபடியும் தேய்த்து, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். பிறகு நன்கு உலர்ந்ததும் சீலன்ட்டைத் தாராளமாகப் பரப்பி, ஒட்டுத்தகட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிவெட் அடியுங்கள். சுற்றிலும் பசை பிதுங்கி வெளிவர வேண்டும். பிதுங்காத பக்கம் கசியும். இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் என்பதால் நம் கடற்கரைக் காற்று அதற்கு உதவிதான். ஆனாலும் தகடுகளுக்கு நடுவே மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கீறல் கசியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். அது நாளைய கசிவு. கீறலின் இரு முனைகளையும் பூதக்கண்ணாடியால் கண்டுபிடித்து, முனைக்கு ஒரு மயிரளவு அப்பால் 3 மில்லிமீட்டர் துளை இடுங்கள். கூர்முனையில் குவிந்த விசை வட்டத்தில் பிரிந்துவிடுவதால் கீறல் நீளாது. அதன் மேல் அதே முறையில் ஒரு சிறு ஒட்டு. ஆனால் குறுக்குச் சட்டமே உடைந்திருந்தாலோ, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் மூலையில் கீறல் இருந்தாலோ இந்த வைத்தியம் செல்லாது, அப்போது தூத்துக்குடிதான்.

ரெசின் கை, பாம்பன் எழுதியது:

ஐயா, ரிவெட் வரிசைகளின் மேல் உட்பக்கமாக நான் சொன்ன எப்பாக்சியை ஒரு பூச்சுப் பூசிவிட்டால் கெடுதல் இல்லையே?

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

இறுக்கிய பிறகு பூசினால் நல்லதே. இறுக்காமல் பூசினால் ஆடும் ரிவெட் அதை உடைத்துவிடும். வரிசை முக்கியம்.

முனைக்காடு பாசிக்குழு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரிவெட் இறுக்கும் வேலையை நாங்களே செய்தோம். எங்களில் மூத்தவர் படகுக்கு அடியில் மணலில் மல்லாந்து படுத்து, சம்மட்டித் தலையை இரு கையாலும் மார்புக்கு மேல் தாங்கிப் பிடிக்க, நான் உள்ளே இருந்து தட்டினேன். முதல் இரண்டு ரிவெட்டுக்கு ஒலி பிடிபடவில்லை; மூன்றாவதில் அவரே கீழே இருந்து "போதும், மாறிவிட்டது" என்று சொல்லிவிட்டார். அதன்பின் எல்லாமே அவர் காதை வைத்துத்தான் நடந்தது. ஒட்டுத்தகடுகளை இராமநாதபுரத்தில் வெட்டி வாங்கினோம். தண்ணீர் தெளிக்கும் சோதனையில் நான்கு முறை முத்து முத்தாகவே நின்றது, ஐந்தாம் முறைதான் பரவியது. எட்டு நாள் காயவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பகல் முழுவதும் கல் ஏற்றிக் கட்டி வைத்தோம். ஒரு குடம் வந்த இடத்தில் இப்போது ஒரு டம்ளர்கூட இல்லை. இழுக்கும் பாதையில் கிடந்த கல்லைப் பொறுக்கிவிட்டு, பழைய லாரி டயர்களை வெட்டிப் போட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், தளப்பலகைக்குக் கீழே காலையில் பார்த்தால் ஈரம் இருக்கிறது. அந்த இடத்தில் சாக்பீஸ் சோதனையில் எதுவும் வரவில்லை.

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

அங்கே மிதப்பு நுரை இருக்கிறதா? அது ஆண்டுக்கணக்காகத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். படகைக் கரையேற்றி, உட்பக்கத்தைத் துடைத்து, பனி இறங்காதபடி தார்ப்பாய் போட்டு மூடி இரண்டு இரவு விடுங்கள். கடலே தொடாமல் ஈரம் வந்தால் அது நுரையின் தண்ணீர், கடலில் நின்றால் மட்டும் வந்தால் ரிவெட்.

முனைக்காடு பாசிக்குழு எழுதியது:

இரண்டு இரவும் ஈரம் வந்தது. நுரைதான். ஒரு ஓரத்தில் கத்தியால் அறுத்து எடுத்துப் பிழிந்தால் பழுப்பாகத் தண்ணீர் கொட்டுகிறது. நுரைக்குக் கீழே தகட்டில் அதே வெள்ளை மாவு லேசாகத் தொடங்கியிருக்கிறது. குத்திப் பார்த்தோம், இன்னும் முனை இறங்கவில்லை. ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கி மிதவைகளைக் கரையேற்றியதும் நுரை முழுவதையும் எடுத்துவிட்டு, மூடிய பிளாஸ்டிக் கேன்களைக் கட்டி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

பழைய ஃபிட்டர், கீழக்கரை எழுதியது:

தாராளமாகச் செய்யுங்கள். கேன்கள் நகராதபடி நைலான் பட்டையால் கட்டுங்கள், கம்பியால் வேண்டாம். ஐப்பசிவரை அறுத்த ஓரத்தைத் திறந்தே வையுங்கள், காற்றாவது போகட்டும்.